கேனான் 1500டி: பிஸி என்று நின்றால் எதை ரீசெட் செய்வது?

வணக்கம் நண்பரே. உங்கள் கேனான் 1500டி கேமரா, ஒரு படம் எடுத்தபின் சில நொடிகள் ‘பிஸி’ என்று நின்றுவிடுகிறது, அதனால் ரீசெட் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம், மெமரி கார்டிலுள்ள படங்கள் அழியாது.

மேலே உள்ள டயலை ‘பி’யில் (P) வையுங்கள். ஆட்டோவில் இருந்தால் அந்த மெனுவே வராது. ஸ்பேனர் படமுள்ள பகுதியில் ‘கிளியர் செட்டிங்ஸ்’, அதற்குள் ‘கிளியர் ஆல் கேமரா செட்டிங்ஸ்’, ஓகே. பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கஸ்டம் ஃபங்ஷன்களை, அதாவது நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் கூடுதல் அமைப்புகளை, இது தொடாது. அவற்றுக்குத் தனியாக ‘கிளியர் ஆல் கஸ்டம் ஃபங்ஷன்’ கொடுக்க வேண்டும்.

உங்களுக்கு இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். ‘லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன்’, அதாவது இருட்டில் நீண்ட நேரம் ஒளியைப் பதிவுசெய்து எடுக்கும் படங்களில் வரும் புள்ளிகளைக் குறைக்கும் வசதி, அங்கேதான் இருக்கிறது. அது இயங்கினால், 10 நொடி எக்ஸ்போஷருக்குப் பிறகு இன்னொரு 10 நொடி கேமரா காத்திருக்கும். அது பழுதல்ல.

பகல் வெளிச்சத்திலும் தாமதம் என்றால் கார்டைச் சந்தேகியுங்கள். ரா (சுருக்காத மூல வடிவ) படம் ஒன்றே 25 எம்பிக்கு மேல் வரும். பழைய கிளாஸ் 4 கார்டு திணறும் (கிளாஸ் எண் கார்டில் எழுதும் வேகத்தைக் குறிக்கும்). படங்களைக் கணினிக்கு மாற்றிவிட்டு, கேமராவிலேயே ‘லோ லெவல் ஃபார்மட்’ (கார்டை முழுதாக அழித்துத் தயார்செய்வது) செய்யுங்கள், கணினியில் வேண்டாம். அதற்கும் சரியாகாவிட்டால் வேறொரு கிளாஸ் 10 கார்டைப் போட்டுப் பாருங்கள்.