உப்பில் வாழும் ஆர்க்கியா

கேள்வி: உயர்தர உயிரியலில் ஆர்க்கியா என்னும் ஒருகல நுண்ணுயிர்களை ஒரு பந்தியோடு கடந்துவிடுகிறோம். பாடசாலை ஆய்வுகூடத்தில் அவற்றை மாணவர்களுக்குக் காட்ட வழியுண்டா?
– ஆசிரியை ஒருவர், களுவாஞ்சிக்குடி

பதில்: உண்டு. 1977இல் கார்ல் வூஸும் ஜோர்ஜ் ஃபொக்ஸும் இறைபோசோம் ஆர்.என்.ஏ.யை ஒப்பிட்டுப் பற்றீரியாவிலிருந்து பிரித்தறிந்த இக்கூட்டத்தில், பாடசாலைக்கு ஏற்றவை உப்பு விரும்பிகளே. வாவிச் சேற்றிலும் வயல் மண்ணிலும் மெதேன் உண்டாக்கும் ஆர்க்கியா இருந்தாலும், ஒட்சிசன் பட்டால் அவை வளரா; அவற்றை விட்டுவிடுங்கள்.

100 மில்லிலீற்றர் நீரில் 25 கிராம் உப்பு, சிறிதளவு மக்னீசியம் சல்பேற்று, மதுவச்சாறு, ஊடகத்தை இறுகச் செய்யும் ஏகார் சேர்த்துக் கிருமியழித்த ஊடகத்தில், சுத்திகரிக்கப்படாத கல்லுப்பின் கரைசலைத் தடவி, காய்ந்துபோகாதபடி பொலித்தீனால் சுற்றி 37 பாகை செல்சியசில் வையுங்கள். அவசரப்படும் வகுப்புக்கு இது ஒத்துவராது; இளஞ்சிவப்புக் குடியிருப்புகள் தோன்றச் சில வாரங்கள் செல்லலாம். அவற்றில் ஒன்றை உப்புக்கரைசலிலும் இன்னொன்றை வடித்த நீரிலும் கலந்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால், முன்னதில் கலங்கள் முழுமையாகத் தெரியும், பின்னதிலோ பெரும்பாலானவை வெடித்துச் சிதைந்திருக்கும். ஆயினும் சலினிபக்டர் என்னும் பற்றீரியமும் உப்பில் சிவந்தே வளர்வதால், நிறத்தை மட்டும் சான்றாகக் கொள்ள மாணவர்களை அனுமதிக்க வேண்டாம்.