கொசுவம் செருகும் இடத்தில் பாருங்கள்

கேள்வி: மார்கழியில் நண்பர்களோடு பறவை பார்க்கக் கோடியக்கரை போனேன். புல்லில் உட்கார்ந்துதான் கட்டுச்சோறு சாப்பிட்டோம். வீட்டில் குளிக்கும்போது முழங்காலுக்குப் பின்னால் ஓர் உண்ணி. அம்மா மண்ணெண்ணெய் தடவி எடுத்துவிட்டார். காய்ச்சல் வருமா? இனிமேல் போகக் கூடாதா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: தாராளமாகப் போங்கள். பூநாரைகள் நமக்காகக் காத்திருக்காது. மண்ணெண்ணெய், ஊதுபத்திச் சூடு மட்டும் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். சீண்டினால் உண்ணி உள்ளே இருப்பதைக் கடிவாயிலேயே கக்கிவிடலாம். புருவம் பிடுங்கும் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

கண்ணுக்குத் தெரிந்த உண்ணியைவிடத் தெரியாததுதான் எனக்குக் கவலை. பத்திரிகைகள் 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதும் ஸ்க்ரப் டைபஸைப் பரப்புவது நிஜ உண்ணியே இல்லை. குண்டூசித் தலையைவிடச் சின்னதான ஒரு பூச்சியின் இளம்புழு. எலி நடமாடும் புதர், புல் மண்டிய வரப்பு எங்கும் இருக்கும். மழைக்குப் பிந்தைய மாதங்களில்தான் அதிகம்.

திருத்துறைப்பூண்டியில் கிளினிக் வைத்த புதிதில், ஆடு மேய்க்கும் பெரியம்மா ஒருவர் எட்டு நாள் காய்ச்சலோடு வந்தார். டைபாய்டு என்று எழுதிக்கொடுத்தேன். மூன்றாம் தடவை வந்தபோது எங்கள் நர்ஸம்மாதான் சேலைக் கொசுவம் செருகும் இடத்தைக் காட்டினார். பீடி நெருப்புச் சுட்ட மாதிரி கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. வலியில்லாததால் பெரியம்மாவே கவனிக்கவில்லை. நான் கேட்கவுமில்லை. பாக்டீரியாவைக் கொல்லும் டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்த இரண்டாம் நாள் ஜுரம் இறங்கியது. இன்னும் தாமதித்திருந்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை போயிருக்கும்.

அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு, காதின் பின்புறம் எல்லாம் பாருங்கள். எல்லோருக்கும் பொருக்கு வராது. அதனால் காய்ச்சல் கண்டால் டாக்டரிடம் முதல் வாக்கியமே 'புதர்க்காட்டுக்குப் போய் வந்தேன்' என்று இருக்கட்டும். மாத்திரையை நீங்களாக வாங்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கு மருந்தே வேறு.

அடுத்த முறை ஜமுக்காளம் கொண்டுபோங்கள். பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகி, டீட் கலந்த பூச்சிவிரட்டி தடவிக்கொள்ளுங்கள். வந்ததும் தேய்த்துக் குளித்து, துணியை வெந்நீரில் போடுங்கள்; கட்டிலில் வீச வேண்டாம்.

முதுமலைப் பக்கம் போகிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. 1957-இல் கர்நாடகத்தின் ஷிமோகா பக்கம் க்யாசனூர் காட்டில் கண்டறிந்த குரங்குக் காய்ச்சலைப் பரப்புவது நிஜ உண்ணிதான். வைரஸ் என்பதால் டாக்ஸிசைக்ளின் கேட்காது. செத்த குரங்கைப் பார்த்தால் கிட்டே போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

போய் வந்து எத்தனை நாள் என்று நீங்கள் எழுதவில்லையே! கடித்த ஆறு நாளிலிருந்து 21 நாளுக்குள் ஸ்க்ரப் டைபஸ் தலைகாட்டும். அதைத் தாண்டியிருந்தால் தைப்பூசத்துக்கு மறுபடி கிளம்பலாம். இல்லையென்றால் தெர்மாமீட்டரை எடுத்து வையுங்கள். கூட வந்த நண்பர்களுக்கும் ஒரு போன் போட்டுவிடுங்கள்.