ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை நைட்ரைடிங் செய்தால் துருப்பிடிக்குமா?

நைட்ரைடிங் (சூடாக்கி மேற்பரப்புக்குள் நைட்ரஜனைப் புகுத்துவது) செய்தால் கடினத்தன்மை கூடும், ஆனால் துரு தாங்காது என்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். அது வெப்பநிலையைப் பொறுத்தது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது மேற்பரப்பில் தானாக உருவாகும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். வழக்கமான நைட்ரைடிங் போல 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால், உள்ளே போகும் நைட்ரஜன் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு குரோமியம் நைட்ரைடு துகள்களாகிவிடும். சுற்றியுள்ள இரும்பில் குரோமியம் குறைந்துபோகும். அப்புறம் படலம் சரியாக உருவாகாது. பாகம் கடினமாக இருக்கும், துருவும் பிடிக்கும்.

304, 316 போன்ற ஆஸ்டெனிடிக் (நிக்கல் கலந்த, பொதுவாகக் காந்தத்தில் ஒட்டாத) ஸ்டெயின்லெஸ் வகைகளை ஏறத்தாழ 400 முதல் 430 டிகிரிக்குள் வைத்துச் செய்தால் கதையே வேறு. அந்தச் சூட்டில் நைட்ரஜன் அணு நகரும். பெரிய குரோமியம் அணுவால் ஏறக்குறைய அசையவே முடியாது. நைட்ரஜன் படிக அமைப்பின் இடைவெளிகளில் நெருக்கிப் புகுந்து அதை விரித்துவிடுகிறது. இந்த அடுக்குக்கு எஸ் ஃபேஸ் என்று பெயர். விக்கர்ஸ் என்ற அளவுகோலில் கடினத்தன்மை சுமார் 200-லிருந்து 1000-க்கு மேல் போகும். உப்புத் தண்ணீரில் குழி விழும் அரிப்பையும் நன்றாகத் தாங்கும்.

ஒரு சிக்கல், அதே ஆக்சைடு படலம் நைட்ரஜனையும் தடுக்கும். அதனால்தான் பிளாஸ்மா முறை (மின்னேற்றிய வாயுவில் வைத்துச் செய்வது) எனக்குப் பிடிக்கும்: அயனிகள் மோதியே படலத்தை நீக்கிவிடும். அடுக்கு பெரும்பாலும் 20 மைக்ரான் (0.02 மி.மீ.) வரைதான் வரும். அதனால் நைட்ரைடிங்குக்குப் பிறகு கிரைண்டிங் வேண்டவே வேண்டாம், அளவை முன்பே முடித்துவிடுங்கள்.