வாகனப் பக்கம்: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவின் 1967 மோரிஸ் மைனர் கார், அவர் போனதிலிருந்து 11 ஆண்டாக வீட்டு ஷெட்டில் நிற்கிறது. என் மைவி காரின் பேட்டரியிலிருந்து வயர் போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்கிறான் தம்பி மகன். செய்யலாமா?
— வாசகி, பட்டர்வொர்த்

பதில்: வேண்டாம் அம்மா. இத்தனை ஆண்டில் சிலிண்டர் சுவரில் இருந்த எண்ணெய்ப் படலம் வடிந்து போயிருக்கும். கடலோர ஈரக்காற்றில் பிஸ்டன் ரிங் சுவரோடு துருவேறி ஒட்டியிருக்கலாம். ஸ்டார்ட்டரின் பலத்தில் அதைப் பிய்த்தால் ரிங் உடையும், சுவரில் கீறல் விழும். இன்னொன்று, டைனமோ உள்ள மைனரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும், மைவியில் நெகட்டிவ். வயர் மாட்டியிருக்கும்போது இரண்டு காரின் இரும்புப் பாகங்களும் உரசினாலே நேர் ஷார்ட். தனியாக 12 வோல்ட் பேட்டரி வாங்குங்கள். பழையதில் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பார்த்து அப்படியே மாட்டச் சொல்லுங்கள்.

அதற்கு முன், நான்கு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு தேக்கரண்டி ஆட்டோ கியர் ஆயில் விட்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். பிறகு காரின் முன்பக்கம் நுழைக்கும் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலால், நியூட்ரலில், கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். அசையாவிட்டால் பலவந்தம் வேண்டாம். மறுபடி ஆயில் விட்டு ஒரு வாரம் பொறுங்கள். சுற்றத் தொடங்கியதும் இன்ஜின் தலைமேல் உள்ள ராக்கர் மூடியைத் திறந்து, 8 வால்வும் இறங்கி ஏறுகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒன்று மாட்டிக்கொண்டு நின்றால், இன்ஜின் ஓடிய கணமே அதைத் தள்ளும் கம்பியான புஷ்ராட் வளைந்துவிடும்.

கறுப்பு எண்ணெயையும் (இன்ஜின் ஆயில்) ஃபில்டரையும் மாற்றுங்கள். 20W-50 சுமார் 3.7 லிட்டர் பிடிக்கும். பிளக் இல்லாமலே, காயில் வயரைக் கழற்றிவிட்டு, பிளக் ஓட்டைகள் மேல் துணி போட்டு, ஸ்டார்ட்டரை 10 விநாடி சுற்றி, சற்று ஆறவிட்டு, மறுபடி சுற்றுங்கள். ஆயில் விளக்கு அணையும்வரை இதுதான் வேலை. அழுத்தம் இல்லாமல் சுற்றுவதால் பேரிங்குக்கு எண்ணெய் போய்ச் சேர நேரம் கிடைக்கிறது.

டாங்கியில் உள்ள பெட்ரோலை ஒரு சொட்டு விடாமல் வடித்துவிடுங்கள். பழைய பெட்ரோல் பிசினாகி, எஸ்.யு. கார்புரேட்டரின் மிதவை அறை ஊசியில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பெட்ரோல் வழிந்து சூடான எக்ஸாஸ்ட் பக்கம் சிந்தும். தீப்பிடிப்பது பெரும்பாலும் இப்படித்தான். ஆகவே ரப்பர் குழாய்களைப் புதிதாகப் போடுங்கள், தீயணைப்பான் பக்கத்திலேயே இருக்கட்டும். கார்புரேட்டர் பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் 'டக்' என்று விழ வேண்டும். சாவி போட்டதும் பெட்ரோல் பம்ப் டிக்டிக் என்று அடித்து நிற்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் அதன் பாயிண்ட் (மின்சாரத்தை விட்டு விட்டு இணைக்கும் முனை) கறுத்திருக்கும். அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது அல்லது பெட்ரோல் வழிகிறது.

பொறி வராததற்கு நம் ஊரில் முதல் சந்தேகம் டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட்தான். மெல்லிய மணல் தாளால் ஒரு தேய்ப்பு தேய்த்து 0.38 மி.மீ. இடைவெளி வையுங்கள், பிளக்குக்கு 0.64. பிளக் வயர் வரிசை 1-3-4-2. ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிக் கசிவு பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் சில நிமிடம் வெண்புகை வரும். சிலிண்டரில் விட்ட ஆயில் எரிவதால் வருவது, பயப்பட வேண்டாம்.

கேள்வி: இதே மாடல் என்னிடமும் உண்டு. இன்ஜின் ஓடுகிறது, ஆனால் பிரேக் பெடல் தரைவரை போகிறது, பின் சக்கரம் ஒன்று சுற்றவே இல்லை.
— வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: இன்ஜின் ஓடுகிறதே என்று சாலையில் இறக்கிவிடாதீர்கள் ஐயா. ஆயர் ஈத்தாம் ஏற்ற இறக்கத்தில் கூடவே கூடாது. மைனரின் பிரேக் ஒரே சர்க்யூட். ஒரு இடத்தில் கசிந்தாலும் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும்.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் சிலிண்டர் உள்ளே குழி குழியாக அரித்துவிட, ரப்பர் சீல் அந்த இடத்தில் பிடிக்காது. முன்னால் சக்கரத்துக்கு இரண்டு, பின்னால் ஒன்று என மொத்தம் 6 வீல் சிலிண்டர்; மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே. அரித்திருந்தால் சீல் மட்டும் மாற்றுவது பணத்தை வீணாக்குவதுதான், சிலிண்டரையே மாற்றுங்கள். மூன்று ரப்பர் ஹோஸும் மாற வேண்டும். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உப்பி, பெடலை விட்ட பிறகும் சக்கரத்தை விடாமல் பிடித்துவைக்கும்.

சுற்றாத சக்கரத்தில், ஹேண்ட்பிரேக் போட்டபடி நிறுத்தியதால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கும். அட்ஜஸ்டரை முழுக்கத் தளர்த்தி, டிரம்மை மரச் சுத்தியலால் சுற்றிலும் தட்டுங்கள். பழைய ஷூ தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள். புதிய டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றி, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமாக உள்ள இடது பின் சக்கரத்தில் தொடங்கிக் காற்றை எடுங்கள். இன்ஜின் ஆயிலை ஒருபோதும் ஊற்றாதீர்கள், சீல் எல்லாம் உப்பிவிடும்.

கேள்வி: நெடுநாள் நின்ற என் மைனரின் டயரில் பூ (சாலையைப் பிடிக்கும் பள்ளக் கோடுகள்) அப்படியே இருக்கிறது. மாற்ற வேண்டுமா? ரோன்95 பெட்ரோல் ஊற்றலாமா?
— வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் பாருங்கள். 2309 என்றால் 2009-இன் 23-ஆம் வாரம். பூ எவ்வளவு இருந்தாலும் மாற்றுங்கள். நின்ற டயரின் ரப்பர் இறுகி வெடிப்பு விடும்.

ரோன்95 தாராளமாகப் போதும். ஆனால் அந்தக் கால வால்வு இருக்கை (வால்வு மூடும்போது உட்காரும் வளையம்) ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செய்தது. ஊருக்குள் ஓட்டினால் பெரிய தேய்மானம் இல்லை. ஈப்போவரை நெடுஞ்சாலையில் விரட்டுபவர் ஈயத்துக்கு மாற்றான சேர்க்கைத் திரவம் கலந்துகொள்ளட்டும். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, இன்ஜின் ஆறியிருக்கும்போது வால்வு இடைவெளியை 0.30 மி.மீ.க்கு வையுங்கள். சரிசெய்தும் அதே வால்வில் இடைவெளி திரும்பத் திரும்பக் குறைந்தால் இருக்கை தேய்கிறது என்று அர்த்தம். ஹெட்டைக் கழற்றிக் கடினமான இருக்கை போட வேண்டிவரும்.