வாசகர் கேள்வி: காட்டுக்குள்ள ஏடிவி

கேள்வி: ஜூலைல அமெரிக்கால இருக்குற யூட்டா மாநிலத்துக்குப் போறோம் சார். ஏடிவி (கரடுமுரடான பாதைல ஓடுற நாலு சக்கர வண்டி) வாடகைக்கு எடுத்து நேஷனல் ஃபாரஸ்ட்ல இஷ்டத்துக்கு சுத்தலாமா?

பதில்: இஷ்டத்துக்கெல்லாம் முடியாதுங்க. 2005ல வந்த ரூல்படி ஃபாரஸ்ட் சர்வீஸ், அதாவது அங்கத்த மத்திய அரசு வனத்துறை, ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு மேப் போடுது, ஃப்ரீதான், அதுல வண்டிக்குன்னு காட்டியிருக்குற ரோடு, டிரெயில்ல மட்டும்தான் ஓட்டலாம், நல்லா தடம் தெரியுது, தடுப்பு போர்டும் இல்லையேன்னு வேற பக்கம் திருப்புனீங்கன்னா ஃபைன்தான். சில டிரெயில்ல எந்த தேதிலேர்ந்து எந்த தேதி வரைக்கும் ஓட்டலாம்னும் இருக்கும், அதையும் பாருங்க. வண்டில ஸ்பார்க் அரெஸ்டர் (புகைக்குழாய்லேர்ந்து பொறி வெளிய வராம தடுக்குற பாகம்) இருக்கான்னு கடைல கேளுங்க, கோடைல காடு பத்திக்க ஒரு பொறி போதும். அப்புறம் 2023லேர்ந்து யூட்டால பொது நிலத்துல ஓட்டணும்னா ஆன்லைன் கோர்ஸ் முடிச்சிருக்கணும், கைடோட போற டூருக்கு விலக்கு உண்டு. 18 வயசுக்குள்ள பசங்களுக்கு ஹெல்மெட் கட்டாயம், என்னைக் கேட்டா பெரியவங்களும் போட்டுக்கிட்டே ஓட்டுங்க.