நகவிளிம்பு நுண்குழாய்ப் பரிசோதனை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தண்ணீரில் கை வைத்தாலே விரல்கள் வெளுத்து, பிறகு நீலம் பாய்கின்றன. டாக்டர் கேப்பிலரோஸ்கோப்பி (நகவிளிம்பில் உள்ள நுண் ரத்தக்குழாய்களைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனை) எடுக்கச் சொல்கிறார். வலிக்குமா?

பதில்: வலிக்காது, ஊசியும் இல்லை. நகமும் தோலும் சேரும் விளிம்பில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, சுமார் 200 மடங்கு பெரிதாக்கும் கேமராவால் படம் எடுப்பார்கள். நகப்பூச்சை எடுத்துவிட்டுப் போங்கள். அண்மையில் நகத்தோலை வெட்டியிருந்தால் சில வாரம் தள்ளிப்போடுவது நல்லது. அந்தக் காயம் படத்தில் ரத்தக்கசிவாகத் தெரியும். படமெடுக்கும் அறையில் 15, 20 நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகே கையை நீட்டுங்கள். விரல் குளிர்ந்திருந்தால் குழாய்களில் ரத்த ஓட்டம் குறைந்துவிடும்.

கேள்வி: ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். ஒரே விரலுக்கு, படத்தில் குழாய்களை எண்ணும் மென்பொருள் ஒருமுறை மில்லிமீட்டருக்கு 9 குழாய் என்கிறது, இன்னொரு முறை 6 என்கிறது. எதை எழுதுவது?

பதில்: இரண்டையும் எழுதாதீர்கள், முதலில் இரு படங்களையும் அருகருகே திறந்து பாருங்கள். மில்லிமீட்டருக்கு 7-க்குக் கீழே போனால் குறைவு என்பதால், இந்த வித்தியாசம் நோயாளியின் முடிவையே மாற்றிவிடும். கேமராவுக்குத் தெரிவது குழாயின் சுவர் அல்ல, உள்ளே ஓடும் சிவப்பணுக்கள். படம் எடுத்த நொடியில் ஓட்டம் நின்றிருந்தால் அந்தக் குழாய் இல்லாதது போலவே இருக்கும். ஆகவே ஒற்றைப் படம் போதாது. சில நொடி வீடியோ எடுத்து, கை அசைவைச் சரிசெய்து பிரேம்களைச் சேர்த்த பின் எண்ண விடுங்கள். வண்ணப் படத்தில் பச்சைச் சேனலை (படத்தின் பச்சை நிறப் பகுதியை) மட்டும் கொடுங்கள்: ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சுவதால் குழாய் கருமையாகத் தனித்து நிற்கும். எண்ண வேண்டியது நகத்தை ஒட்டிய கடைசி வரிசை மட்டுமே. பின்வரிசைக் குழாய்களையும் சேர்த்துக்கொண்டால் எண்ணிக்கை ஏறும். எண்ணெயில் காற்றுக்குமிழி இருந்தால் இறங்கும்.

அளவுகோலையும் பாருங்கள், பலர் தவறவிடுவது இதைத்தான். 1 பிக்சல் 2 மைக்ரான் என்று பதிந்திருக்கும்போது, பாதியாகச் சுருக்கிய படத்தைக் கொடுத்தால் 60 மைக்ரான் அகலக் குழாய் 30 ஆகிவிடும். அகலம் 50 மைக்ரானைத் தாண்டினால்தான் ராட்சதக் குழாய் என்பதால், முக்கியமான அறிகுறி அங்கேயே காணாமல் போகும்.

கேள்வி: ரிப்போர்ட்டில் ராட்சதக் குழாய் என்று வந்தால் ஸ்க்ளீரோடெர்மா (தோல் இறுகும் நோய்) உறுதியா?

பதில்: இல்லை. இந்த நோய்க்கான 2013 வகைப்பாட்டு விதிகளில் அறிகுறிகளுக்குத் தரும் புள்ளிகள் 9 சேர வேண்டும்; அசாதாரண நகவிளிம்புக் குழாய்களுக்கு 2 புள்ளிதான். ஆனாலும் ஒதுக்கி வைக்காதீர்கள், வாதநோய் நிபுணரிடம் காட்டி ஆன்டிபாடி பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.