வாடகை முன்பணம் 2,400 ரிங்கிட்டை வீட்டுக்காரர் தரவில்லை. வக்கீல் இல்லாமல் கோலாலம்பூரில் வழக்குப் போடலாமா?

தாராளமாகப் போடலாம். 5,000 ரிங்கிட் வரையிலான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு இருக்கிறது. உங்களைப் போன்ற தனிநபர்களுக்காகவே வந்த ஏற்பாடு இது. பொதுவாக இரு தரப்புமே வக்கீல் வைக்க முடியாது. ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்தில் படிவம் 198-ஐ மலாயில் நிரப்பிப் பதிவு செய்யுங்கள். வீட்டுக்காரர் கையில் அது சேர்ந்த பிறகு, பதில் மனு கொடுக்க அவருக்கு 14 நாள்.

சட்டம் தெரியவில்லையே என்று பயப்படாதீர்கள். ஆதாரம்தான் முக்கியம். வாடகை ஒப்பந்தம், பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், காலி செய்த அன்று எடுத்த படங்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி, நகல்களோடு கொண்டு போங்கள். அப்புறம், விசாரணை நாளைத் தவறவிட்டுவிடாதீர்கள். வழக்கே தள்ளுபடி ஆகலாம்.